மாடியில் ஆயர், கீழே நான்

எங்கள் சர்ச் ஆயருக்கு, அதாவது பாஸ்டருக்கு, ஓய்வு கொடுக்கிற வேலையை நானாகத்தான் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். அதற்கு முன் நானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்று என் வரலாற்றில் எதுவும் கிடையாது. சபைச் செயலாளர் பதவிகூட, தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்பதால் வந்தது. மறுப்பதற்கு ஆள் எதிரில் இல்லை என்ற தைரியத்தில் அத்தனை கைகளும் உயர்ந்துவிட்டன. நான் வேடிக்கையாக எழுதுகிறவன் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எங்கள் வீட்டு கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தை நாங்கள் லெந்து என்போம். அது தொடங்குகிற சாம்பல் புதனன்று, காலை ஆராதனை முடிந்து, ஆயர் அங்கி மாற்றுகிற சின்ன அறைக்கு நிகழ்ச்சி நிரலோடு போனேன். தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டில் ஆயர் சாப்பிட்டே ஆக வேண்டும். நேற்று ஒரு வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டார் என்று தெரிந்தால் இன்றைய வீட்டில் ஐந்து வைப்பார்கள். இதற்கிடையில் பிள்ளைகளைச் சபையில் முழு அங்கத்தினராக்குகிற திடப்படுத்தல் வகுப்பு, ஆஸ்பத்திரிச் சந்திப்பு, பெண்கள் கூட்டம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளிக்கு மூன்று மணி நேர ஆராதனை, ஈஸ்டர் விடியற்காலை. சாவு எப்போது வரும் என்று நிரலில் போட முடியாது. அது தானாக வந்து இடம் பிடித்துக்கொள்ளும்.

நான் படித்துக்கொண்டே போக, அவர் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்கிற நோயாளி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். அங்கியில் பாதிப் பித்தான்கள் கழன்றிருந்தன. மீதியைக் கழற்ற மறந்துவிட்டார்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார். என்னைவிட எட்டு வயது சிறியவர்.

"சொல்லுங்க ஐயா."

"எனக்குன்னு ஜெபம் பண்ணி மாசக்கணக்காச்சுங்ணா. மேடையில பண்றேன், ஊடு ஊடாப் போயிப் பண்றேன், ஆஸ்பத்திரியில பண்றேன். தனியா முழங்கால் போட்டா வார்த்தை வருதுங்க. ஆனா யாரு ஊட்டுக்கோ பண்ற மாதிரியே வருது. கடைசியில 'இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும்'னு முடிச்சுபோட்டு எந்திரிக்கிறேன். எங்க ஊட்டையே 'இந்தக் குடும்பம்'ங்கறேன்."

சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்கே வராத அளவுக்கு நல்ல நகைச்சுவை. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேங்ணா. அதுக்குள்ள அது திரும்பி வரலீனா இந்த அங்கியக் கழட்டி வெச்சுபோட்டுப் போயிருவேன். உள்ள ஒண்ணுமில்லாம மேல நின்னு பேச முடியலீங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

வனாந்தரத்தில் போய் உட்கார்ந்த துறவிகளைப் பற்றி என் அலமாரியில் நாலு புத்தகங்கள் இருக்கின்றன. நாலையும் ஃபேனுக்கடியில் படித்து முடித்தவன் நான். ஆகவே நோயும் எனக்குத் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. "உங்களுக்கு வேண்டியது தனிமை ஐயா" என்றேன். ஆர்.எஸ்.புரத்தில் வனாந்தரத்துக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு மாடியில் என் மகளின் அறை இருந்தது. அவள் கல்யாணமாகி வெளிநாடு போன பிறகு அங்கே ஒரு கட்டிலும் மேசையும், கூரையில் அவள் பள்ளிக்கூட நாளில் ஒட்டிய நட்சத்திரங்களும்தான். செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அது அவருக்கு. ஈஸ்டருக்குள் ஆறு செவ்வாய்கள் இருந்தன. அவருடைய செல்போன் கீழே என்னிடம் இருக்கும். எவர் கூப்பிட்டாலும் நான் பார்த்துக்கொள்வேன்.

"நெசமாலுமேங்களா?" என்றார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்திருக்கிறேன்.

முதல் செவ்வாய், பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஸ்கூட்டரில் வந்தார். எங்கள் தெருவில் சபைக் குடும்பங்கள் மூன்று இருக்கின்றன. அந்தச் சாம்பல் நிற ஸ்கூட்டர் நின்றாலே 'அங்க யாருக்கு என்னாச்சு?' என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். எனவே அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளி, எங்கள் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமுக்காளத்தைப் போட்டு மூடினேன். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட ஜமுக்காளம். மறைப்பதற்கு அதைவிடப் பொருத்தமில்லாத துணி கொங்கு நாட்டில் கிடையாது என்று என் மனைவி சொன்னாள்.

போன் முதலில் அடித்தபோது மணி பத்தே கால்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லெந்துக்கு எங்களில் ஒவ்வொருவரும் ஒன்றை விடுவோம். கறியை விடுபவர்கள் உண்டு, காபியை விடுபவர்கள் உண்டு. முந்திய வருஷம் நான் காபியை விட்டதில் வீட்டில் எல்லோரும் தவம் செய்ய வேண்டியிருந்ததால், இந்த வருஷம் வேறு எதையாவது விடச் சொல்லி உத்தரவு. நான் பொய்யை விட்டேன். நாற்பது நாள் பொய் சொல்வதில்லை. அந்தப் பக்தியில்தான் எல்லாம் கெட்டது. 'ஐயா வெளியூர் போயிருக்காருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார்.

"ஐயா ஜெபத்துல இருக்காருங்க" என்றேன்.

மறுமுனையில் எங்கள் சபையின் மூத்த அம்மா ஒருவர். மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார்.

"ஜெபத்துலயே இருக்காருங்களா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சுங்க கண்ணு. எடஞ்சல் பண்ண வேண்டாம். எம்பட பேரையும் சேத்துக்கச் சொல்லுங்க. வலது முட்டிங்க. எழுதிக்கிட்டீங்களா? வலது."

எழுதிக்கொண்டேன். கொங்குக்காரனுக்கு இப்படிக் கேட்டால் மறுக்க வராது. அதுவும் 'கண்ணு' என்று ஐம்பத்து மூன்று வயதில் ஒருவனைக் கூப்பிட்டால் அவன் எதைத்தான் எழுத மாட்டான்? அடுத்து ஒருவர், மகனுக்கு விசா. அடுத்து ஒரு அம்மணி, மருமகள் பேசுவதில்லை. அடுத்து ஒருவர், மருமகள் பேசிக்கொண்டே இருக்கிறாள். எல்லோருமே ஒரே மாதிரி சொன்னார்கள்: 'ஐயாவைக் கூப்பிடவே வேண்டாமுங்க, பேரை மட்டும் குடுத்துப்போடுங்க.' ஒரு மணிக்கு அவர் இறங்கி வந்தபோது என் கையில் பதினோரு ஜெபக்குறிப்புகள் இருந்தன. வரிசை எண் போட்டு, அழகான கையெழுத்தில்.

அவர் அதை வாங்கினார். மேலிருந்து கீழே படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரிங்ணா" என்றார்.

அவருடைய முகம் பிரகாசமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. கோயமுத்தூரில் மார்ச் மாதத்து மாடி அறையில் மூன்று மணி நேரம் இருந்தால் யார் முகமும் பிரகாசமாகத்தான் இருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பதினொன்றாவது குறிப்பு என்னுடையது. 'செயலாளர்: தூக்கம்.' எனக்குச் சில வருஷங்களாகத் தூக்கம் சரியில்லை. பத்தோடு பதினொன்றாகப் போகட்டும் என்று சேர்த்தேன்.

இரண்டாவது செவ்வாய்க்குள் செய்தி பரவிவிட்டது. ஆயர் செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் யாரையும் பார்க்காமல் ஜெபத்தில் உட்காருகிறார். அப்போது பெயர் கொடுத்தால் நேரே போய்ச் சேருகிறது. மூத்த அம்மாவின் மூட்டைப் பார்த்த டாக்டர் ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? வாரம் முழுக்கப் பேசாமல் காத்திருந்து செவ்வாய் பத்து மணிக்கு அழைத்தார்கள். சபைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் உடுமலைப்பேட்டையிலிருந்து கூப்பிட்டு, தென்னையில் வெள்ளை ஈ விழுந்திருக்கிறது என்றார். நான் 'தென்னை, உடுமலை, ஈ' என்று எழுதிக்கொண்டேன்.

எங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர், மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஷிப்ட் கணக்கில்தான் யோசிப்பார். அவர் போன் செய்தார்.

"ஏனுங்க செக்ரட்டரி, நல்ல காரியம் பண்ணிப்போட்டு ஒளிச்சு வெச்சிருக்கறீங்க? ஞாயித்துக்கெழமை அறிவிப்புல போட்டுரலாமுங்க."

"ஐயாவோட ஓய்வுக்காகப் பண்ணுனதுங்க அது."

"நானும் அதத்தானுங்க சொல்றேன். ஓய்வா இருக்கறப்பத்தான மனுசன் நல்லா ஜெபிக்க முடியும்? மெசினு ஓடாம நின்னா துருப் புடிச்சுக்குமுங்க."

அறிவிப்பில் போட்டார்கள். அந்த அறிவிப்பை வாசித்தவன் நான். எனக்குப் பின்னால் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஆயர் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். பெயர், விஷயம், அவசரம், சாதாரணம் என்று கோடு போட்டேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறில்லை. சிலர் நீட்டி முழக்கிச் சொல்வதைச் சுருக்கி, எழுவாய் பயனிலை சரிபார்த்து, கடவுளுக்குப் புரிகிற மாதிரி எழுதினேன். பத்திரிகைக்கு எழுதியதற்குக்கூட இவ்வளவு பாராட்டு வந்ததில்லை. 'நீங்க எழுதிக் குடுத்தா நடக்குதுங்க' என்றார் ஒருவர். வாசகர் கடிதம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அன்று ஒரு மணிக்கு இறங்கி வந்த ஆயர், படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்ணா. குறிப்ப ஒரு மணிக்குக் குடுத்தீங்கன்னா ஊட்டுக்குப் போயி உக்காந்து பண்ண வேண்டியிருக்குதுங்க. கூட்டத்துக்கு நேரமாயிருது. வர வர மேலயே அனுப்பிச்சுப்போட்டீங்கன்னா இங்கயே முடிச்சுபோட்டுப் போயிருவேன்."

நான் அப்போதே விழித்திருக்க வேண்டும். நோட்டைக் கிழித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவருடைய நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். நாலாவது செவ்வாயிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை, டீயோடு ஒரு தாள் மாடிக்குப் போயிற்று. கொண்டு போனது நான்தான். கதவைத் தட்டாமல், சத்தம் போடாமல், தட்டை வைத்துவிட்டுப் பூனை போல இறங்குவேன். அவருடைய தனிமையைக் கெடுக்கக் கூடாதில்லையா?

என் மனைவி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசன மேல உக்கார வெச்சுப்போட்டுக் கீழ கடை போட்டுட்டீங்க" என்றாள்.

"கடையில்லை. ஏற்பாடு."

"ஆமாங். ஓட்டல்லகூட மாஸ்டருக்கு நடுவுல அரை மணி நேரம் உடுவாங்க."

நான் அவளைக் கவனிக்கவில்லை. வேடிக்கையாக எழுதுகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. வேடிக்கையாகப் பேசுகிற இன்னொருவர் உண்மையைச் சொல்கிறார் என்று அவர்களுக்குச் சுலபத்தில் பிடிபடாது.

ஐந்தாவது செவ்வாய் ஒரு பெயரில் சந்தேகம். ஒரே பெயரில் இரண்டு பேர், ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வழக்கு. கேட்கலாம் என்று மேலே போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் முழங்காலில் இல்லை. என் மகளின் படிப்பு மேசையில், பள்ளிப் பிள்ளை நாற்காலியில், முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் தாள்கள். ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, உதட்டை அசைத்து, பேனாவால் ஒரு டிக் போட்டு அடுத்ததற்குப் போனார். பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல. டீ ஆடை கட்டியிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"பாதிக்கு மேல முடிஞ்சுதுங்ணா" என்றார்.

என்னிடம் கணக்கு ஒப்பிப்பது போல.

நல்லது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பெயர்ச் சந்தேகத்தைக் கேட்க மறந்துவிட்டேன். அன்றிரவு படுத்ததும் தூங்கினேன். அந்த லெந்து முழுவதும் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் காலை ஆயரின் மனைவி வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதிகம் பேசாதவர். வகுப்புக்குப் போகும் வழியில் கைப்பையோடு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கம்மா" என்றாள் என் மனைவி.

"இல்லீங்கக்கா, பஸ் வந்துரும்." பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். எல்லாம் என் கையெழுத்து. மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்தன. "அங்கி தொவைக்க எடுத்தனுங்க. பையில இருந்துது. ஈரமாயிரக் கூடாதுன்னு எடுத்து வெச்சேன். அஞ்சு வாரத்துக்கும் இருக்குதுங்க."

"ஆமாங்கம்மா, ஐயா எல்லாத்தையும் ஒண்ணு விடாமல்…"

"ஒரு தடவ முழுசாப் படிச்சேன் சார். நூத்திச் சொச்சம் பேரு. தென்னமரம்கூட இருக்குது." அவர் குரல் உயரவில்லை. வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பையனிடம் பேசுகிற குரல். "இவரு பேரு எங்கீங்க?"

நான் தாள்களைப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை. எழுதினவனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் 'செயலாளர்: தூக்கம்' இருந்தது. டிக் போட்டிருந்தது.

"பஸ்ஸுங்க" என்று சொல்லி அவர் போய்விட்டார்.

ஆறாவது செவ்வாய் நான் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். நோட்டைத் திறக்கவில்லை. டீயும் கொண்டு போகவில்லை. கேட்டுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டேன். இரண்டு பேர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, ஜமுக்காளத்தை எட்டிப் பார்த்து, 'உள்ளதான் இருக்காரு' என்று பேசிக்கொண்டு போனார்கள். கடைசியாக ஒரு செவ்வாயாவது அந்த மனிதருக்குக் கிடைக்கட்டும் என்று முன்னறையில் காவல் உட்கார்ந்தேன்.

பதினொன்றரைக்குப் படியில் செருப்புச் சத்தம். பாதி இறங்கி நின்றார்.

"குறிப்பு ஒண்ணும் வரலீங்களேங்ணா?"

"இன்னைக்கு இல்லைங்க ஐயா. இன்னைக்கு நீங்க சும்மா இருங்க."

"சும்மாத்தானுங்க இருந்தேன்." படியிலேயே உட்கார்ந்தார். "ஒண்ணரை மணி நேரமா மேல நட்சத்திரத்த எண்ணிக்கிட்டு இருந்தேன். முப்பத்தி நாலு இருக்குதுங்க. குறிப்புக் குடுக்காட்டி நான் மேல என்னங்ணா பண்றது?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. எங்கே போகட்டும் என்று வழி கேட்கிற மாதிரி கேட்டார். நான் எழுந்து போய் அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். அலமாரியில் இருந்த நாலு புத்தகமும் அந்த நேரத்தில் கைவிட்டுவிட்டன.

"நான் உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுங்களா ஐயா?" என்றேன். என் வாயிலிருந்து அது வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அவர் உடனே கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் மாதிரி அவ்வளவு சுலபமாக. எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ.

நான் தொண்டையைச் செருமினேன். ஐம்பது வருஷமாக எத்தனையோ ஜெபங்களைக் கேட்டவன். மற்றவர்களின் ஜெபத்தில் இலக்கணப் பிழை பார்த்தவன். ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். இவர் களைத்துப் போயிருக்கிறார் என்றேன். அதற்கப்புறம் நின்றுவிட்டது. ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே ஒரு ஆட்டோ போயிற்று. எப்படியாவது முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் வாய் தானாகப் பழகின வழியில் இறங்கியது.

"இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். "ஆமென்" என்றார். மரியாதை தெரிந்தவர். அரிசி டப்பாவிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன். உயிர் வந்ததும் அது கத்தத் தொடங்கியது. சுந்தராபுரம் பக்கம் ஒரு சாவு. ஜமுக்காளத்தை அவரே மடித்து வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

பெரிய வெள்ளிக்கு அவர் மேடை ஏறினார். மூன்று மணி நேரமும் நின்றார். கடைசி ஜெபத்தில் நடுவில் நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கையில் மைக் மட்டும் இருந்தது. கூட்டம் மூச்சு விடாமல் இருந்தது. வெளியே வரும்போது ஸ்பின்னிங் மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மௌனத்தக் கேட்டீங்களா? செவ்வாய்க்கெழமையோட பலனுங்க அது. அடுத்த வருசம் வெள்ளிக்கெழமையும் சேத்துப்போடலாம்."

ஈஸ்டருக்கு மறுநாள் காலை ஆயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டரைக் கேட்டுக்கு வெளியே, எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். ஒரு கவரைக் கொடுத்தார். பேராயருக்கு எழுதிய கடிதம். செயலாளர் மூலமாகப் போக வேண்டியது முறை.

"அது திரும்பி வரலீங்களா ஐயா?" என்றேன்.

"வரலீங்ணா." கொஞ்சம் யோசித்தார். "நீங்க ரொம்பச் சிரமப்பட்டீங்க."

பவானிப் பக்கம் அவருடைய மனைவியின் ஊருக்குப் போகிறார்களாம். அங்கே என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. கமிட்டியில் கடிதத்தை வாசித்தபோது எல்லோருக்கும் நிஜமாகவே வருத்தம். ஒருவர் கண் கலங்கினார். 'வாராவாரம் இவ்வளவு ஓய்வு குடுத்தமே, இன்னும் என்னுங்க பண்ண முடியும்?' என்று ஸ்பின்னிங் மாஸ்டர் கேட்டார். மினிட்ஸில் அதை எழுதினேன். ஓய்வு கொடுத்த செயலாளருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். அதையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது.

அவர்கள் வீட்டைக் காலி செய்த அடுத்த செவ்வாய், காலை பத்தே காலுக்கு என் போன் அடித்தது. மூத்த அம்மா. இந்தத் தடவை இடது முட்டி.

"ஐயா ஊர்ல இல்லீங்கம்மா. போயிட்டாருங்க."

"தெரியுமுங்க கண்ணு. அதனாலென்ன, நீங்க எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தூக்கம் மறுபடி போய்விட்டிருந்தது. எனக்காக டிக் போட இப்போது ஆளில்லை. மகளின் நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் பக்கம் திருப்பி, முதல் வரியில் ஆயரின் பெயரை எழுதினேன். விஷயம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதைக் காலியாக விட்டேன். பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. விரலை மட்டும் எடுக்கவில்லை.

எவ்வளவு நேரமோ. கீழேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"மேல என்னுங்க பண்றீங்க இவ்வளவு நேரமா?"

லெந்து முடிந்துவிட்டது. இனி பொய் சொல்லலாம்.

"ஃபேன் துடைக்கிறேன்" என்றேன்.